பத்து நிமிஷத்தில் காயும் சாம்பல் நிறம்

கை நடுங்கத் தொடங்கிய பிறகு பெயின்ட் பிரஷ்ஷை எடுத்தவள் நம்ம கூட்டத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என் வயசுக்காரர்களே, நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரியுங்கள். நீங்களெல்லாம் காலையில் நடக்கப் போகிறீர்கள், சுகர் மாத்திரையைப் பற்றிப் பேசிக்கொண்டே வடை தின்கிறீர்கள். நான் எழுபத்திரண்டு வயசில் ஒரு சாண் நீளத்துக்குப் பிளாஸ்டிக் விமானம் ஒன்று வாங்கி, மூக்குக்கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடி பிடித்துக்கொண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறேன். அவரவருக்கு அவரவர் கிறுக்கு.

ஒட்டுவதெல்லாம் ஒட்டிவிட்டேன். பெயின்ட் வாங்கப் போன இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். கோயமுத்தூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது இதற்கென்றே உள்ள கடை ஒன்றுக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். "சாம்பல் கலர் வேணும் தம்பி" என்றேன். கடைக்காரர், "எந்த கிரே மேடம்?" என்று கேட்டுவிட்டுப் பதினோரு குப்பிகளை வரிசையாக எடுத்து வைத்தார். கட்டை விரல் உயரத்தில் எல்லாமே சாம்பல். ஒன்று கடலுக்காம், ஒன்று வானத்துக்காம், ஒன்று கப்பலுக்காம். பளபளப்பாகவா, மங்கலாகவா என்று வேறு கேட்டார். எனக்குத் தெரிந்த சாம்பல் எதுவும் அதில் இல்லை.

"எம்புட்டு நேரத்துல காயும்?" என்று கேட்டேன்.

"பத்து நிமிஷம் மேடம். மழை நாள்னா பதினஞ்சு."

நான் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்துவிட்டேன். ஏசி ஒத்துக்கொள்ளவில்லையோ என்று அவர் தண்ணீர் கொண்டுவந்தார். நல்ல மனுஷர். பத்து நிமிஷம் என்று சொன்னதற்கு ஒரு கிழவி ஏன் இப்படி ஆகிறாள் என்று அவருக்கு எப்படித் தெரியும். உங்களுக்குச் சொல்கிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயசு. அண்ணனுக்குப் பதினாலு. அறுபதுகளின் ஆரம்பம். கொடைக்கானலில், செண்பகனூர் போகிற ரோட்டுக்கு மேலே, மிஷன் பங்களாக்கள் ஏழு இருந்தன. கோடையில்தான் அவற்றில் ஆள் இருப்பார்கள். மற்ற மாதமெல்லாம் பூட்டிக் கிடக்கும். அந்த ஏழுக்கும் அப்பாதான் காவல். பங்களா ஒன்றின் பின்னால் தகரக் கூரை போட்ட இரண்டு அறையில் நாங்கள் இருந்தோம்.

காவல் என்றால் கம்பை வைத்துக்கொண்டு திருடனை விரட்டுவது என்று நினைக்காதீர்கள். அந்த ஊரில் திருடன் வேறு. "மலையில ஈரந்தான் திருடன். கதவத் தொறக்காமயே உள்ள வந்துருவான்" என்பார் அப்பா. அவருடைய சோலி முழுக்க உலர்த்துவதுதான். மெத்தைகளைத் தூக்கி நிறுத்துவார். புத்தகங்களை விசிறி மாதிரி விரித்து வைப்பார். கணப்பில் யூகலிப்டஸ் விறகு போட்டு ஒரு நாளைக்கு ஒரு பங்களா என்று சூடேற்றுவார். மூன்றாவது பங்களாவில் ஒரு பியானோ இருந்தது. ஐப்பசி வந்தால் அதற்குப் பக்கத்தில் தணல் சட்டி வைத்து, பிள்ளைத்தாய்ச்சியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொள்வார். அவர் கையில் பூஞ்சை பூத்த சாமான் என்று ஒன்றுகூடக் கிடையாது. அதில் அவருக்கு ரொம்பப் பெருமை.

எங்கள் வீட்டிலும் அதே வைத்தியம்தான். மழைக்காலத்தில் துணி காயாது. தணல் சட்டி மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் துணியைப் போர்த்தி வைப்போம். தணலைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நான் அதில் ஆரஞ்சுத் தோலைப் போடுவேன். பண்ணைக்காட்டுப் பக்கத்திலிருந்து கூடை கூடையாக ஆரஞ்சு வந்த காலம் அது. தோல் சுருண்டு கருகும்போது வருகிற வாசனை பாவாடையில் ஏறிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காரப் போட்டி நடக்கும். "துணி காய வைக்கிறியா, சாம்பிராணி போடுறியா?" என்று அம்மா ஏசுவாள். நான் விடமாட்டேன். வீட்டில் வேறு யாரும் அதைச் செய்வதில்லை.

அந்த வருஷம் ஐந்தாவது பங்களாத் துரையின் குடும்பம் ஒரேயடியாகச் சீமைக்குத் திரும்பியது. அப்படிப் போகிறவர்கள் புல்வெளியில் மேஜை போட்டு சாமான்களை விற்றுவிட்டுப் போவது வழக்கம். ஜாடி, ஜமுக்காளம், பொம்மை எல்லாம் போய், ஒரு அட்டைப் பெட்டி மட்டும் மிஞ்சியது. துரைசாணி அதை அப்பா கையில் கொடுத்துவிட்டாள். பெட்டி மேல் நீலக் கடலுக்கு மேலே பறக்கிற சாம்பல் நிற விமானத்தின் படம். திறந்து பார்த்தால் விமானத்தைக் காணோம். சட்டம் சட்டமாக வெள்ளைப் பிளாஸ்டிக், அதில் சின்னச் சின்னதாக என்னென்னவோ ஒட்டிக்கொண்டிருந்தன.

"ஒடஞ்ச சாமானக் குடுத்துட்டாக போல" என்றார் அப்பா.

அண்ணன் சிரிக்கவில்லை. கூடவே இருந்த தாளைப் பிரித்துப் பார்த்தான். ராத்திரி சோற்றுக்குக் கூப்பிடும்வரை அதிலேயே கண்ணாக இருந்தான். மறுநாள் அப்பாவின் சவர பிளேடை எடுத்துத் துண்டுகளை அறுக்க ஆரம்பித்தான். அதே பிளேடில் சவரம் செய்த அப்பாவுக்குக் கன்னத்தில் ரத்தம் வந்தது. "ஏலே, பிளேடுல என்னத்தடா அறுத்த?" என்று ஒரு கத்தல். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அறுப்பதை நிறுத்தவில்லை.

எனக்கு அதில் என்ன வேலை என்றால், பிடிப்பது. பெட்டியில் இருந்த பசையைத் தடவி இரண்டு துண்டைச் சேர்த்தால், அது இறுகும்வரை யாராவது அசையாமல் பிடிக்க வேண்டும். என் விரல் சின்னது. "நூறு எண்ணு பாப்பா" என்பான். எண்ணுவேன். பசை வாடைக்குத் தலை சுற்றும். எழுபத்தெட்டில் தும்மல் வந்துவிட்டால் பழையபடி ஒன்றிலிருந்து. இப்போது மறுபடியும் ஒட்ட உட்கார்ந்தபோது என்னையறியாமல் நூறு எண்ணியிருக்கிறேன். இந்தக் காலத்துப் பசைக்கு இருபதே போதும்.

இது வெறும் விளையாட்டாக இருந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ட்ராயிங் வாத்தியார் ஒருநாள் அண்ணனைக் கூப்பிட்டு ஒரு செய்தி சொன்னார். எங்கள் வேதக்கோயிலில் விளைச்சலைப் படைக்கிற அறுப்பின் பண்டிகைக்கு, மலைக்குக் கீழேயிருந்து தொழிற்பள்ளித் தலைமை வாத்தியார் வருகிறார். ஹாஸ்டலோடு சேர்த்துப் படிக்க இந்த மலையிலிருந்து ஒரு பையனை எடுக்கப் போகிறார். மார்க்கைப் பார்க்க மாட்டார், கையால் செய்த வேலையைத்தான் பார்ப்பார். "நீ அந்த ஏரோப்ளேனக் கொண்டாந்து வையிடா. பெயின்ட் அடிச்சு நீட்டா இருக்கணும்" என்றாராம்.

அண்ணன் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அப்பா சாவிக்கொத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏழு பங்களாச் சாவி. "மிஷின் படிச்சு என்ன செய்யப் போற? ஏழு வீட்டுச் சாவி இந்தா கெடக்கு. எனக்கப்புறம் ஒனக்குத்தான். தொரைக கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்" என்றார்.

"எனக்கு வேண்டாம்ப்பா."

"வேண்டாமா?"

ஒரு வாரம் அப்பாவும் அண்ணனும் அம்மா மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள். குழம்பு வேண்டும் என்றால்கூட.

பெயின்ட்டுக்கு எங்கே போவது? ஏரிக்கரைப் படகுத்துறையில் சீசனுக்கு முன்னால் படகுகளுக்குப் பெயின்ட் அடிப்பார்கள். மிச்சம் டப்பாக்களில் ஆடை படிந்து கிடக்கும். அண்ணன் பெயின்டரிடம் கெஞ்சி நீலம் வாங்கினான். கோயில் ஜன்னலுக்கு அடித்த வெள்ளை கொஞ்சம், அங்கே மணி அடித்துப் பெருக்குகிற கோயில் குட்டியிடம் கிடைத்தது. கறுப்புக்கு அரிக்கேன் கண்ணாடியில் படிந்த புகைக்கரி. கொட்டாங்கச்சியில் ஊற்றி, கெட்டியாக இருந்ததால் மண்ணெண்ணெய் விட்டு இளக்கினான். பெட்டியின் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு சொட்டு நீலம், ஒரு சொட்டு வெள்ளை என்று மூன்று நாள் கலக்கினான். "இன்னும் நீலம் கொறையணும் பாப்பா, பாரு" என்பான். நான் பார்ப்பேன். கூக்கால் ஏரிக்கு ஒருதரம் போயிருந்தோம். தண்ணீர் மேல் மஞ்சு இறங்கும்போது ஒரு நிறம் வருமே, கடைசியில் அது வந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "இதுதான்" என்றோம். எத்தனை சொட்டு எதில் விட்டோம் என்று எழுதி வைத்திருக்கலாம். யாருக்குத் தோன்றியது?

வியாழக்கிழமை அடித்தான். ஞாயிற்றுக்கிழமை பண்டிகை. வெள்ளிக்கிழமை தொட்டால் ஒட்டியது. சனிக்கிழமை காலையிலும் ஒட்டியது. வெளியே மூன்று நாளாக மழையும் மஞ்சும். பழைய பெயின்ட், அதில் மண்ணெண்ணெய், அதற்கு மேல் அந்த ஊர் ஈரம். காய்ந்தால்தான் அதிசயம். இறக்கைக்குச் சிவப்புக் கோடு பாக்கி இருந்தது. மத்தியானம் சாப்பிட்டதும் அண்ணன் சிவப்பு வாங்கப் படகுத்துறைக்குப் போனான். அம்மா கோயிலை ஜோடிக்கப் போயிருந்தாள்.

அப்பா ஜன்னல் பலகையில் இருந்த விமானத்துக்கு முன்னால் வந்து நின்றார். ரொம்ப நேரம் பார்த்தார். அதற்கு முன் அவர் அதைப் பார்த்ததே இல்லை, அதாவது பார்த்ததாகக் காட்டிக்கொண்டதில்லை. ஆள்காட்டி விரலால் இறக்கையை மெதுவாகத் தொட்டார். விரலில் சாம்பல் நிறம் வந்தது. இறக்கையில் அவர் ரேகை பதிந்தது.

"நாளைக்குள்ள காயாதே தாயி" என்றார். அந்தக் குரலை நான் முன்னால் கேட்டதில்லை. பையன் தோற்றுவிடுவானோ என்று பயந்த குரல். அப்போது எனக்கு அது விளங்கவில்லை, இப்போது விளங்குகிறது.

"கூடைக்குள்ள வச்சா காஞ்சிரும்ப்பா" என்றேன்.

"இது மரமில்லையே. என்ன சாமானோ."

"பியானோவே காயுது. இது காயாதா?"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உலர்த்துவதைப் பற்றி அவருக்கே பாடம் சொன்னேன் இல்லையா. "செரி, வையி. ஆனா தணல் தணிஞ்ச பெறகு வையி. நீறு பூத்துருக்கணும். மூணாம் பங்களா ஜன்னல் அடிச்சுக்குது, சாத்திட்டு வெரசா வாரேன்" என்று சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போனார்.

நான் நீறு பூத்த தணலில்தான் வைத்தேன். சத்தியம். சட்டி ஓரத்தில் ஒரு செங்கல், அதன் மேல் விமானம், அதன் மேல் கூடை, கூடை மேல் என் பாவாடை. கொஞ்ச நேரம் கழித்துக் கையை விட்டுப் பார்த்தேன். சூடே இல்லாத மாதிரி இருந்தது. அண்ணன் வருவதற்குள் காய்ந்து, அவன் தொட்டுப் பார்த்து, "யாரு பாப்பா?" என்று கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அடுப்பிலிருந்து ஒரு கரண்டி புதுத் தணல் அள்ளிப் போட்டேன். இன்னொன்று. அண்ணனுக்குப் பண்டிகை இல்லையா என்று ஆரஞ்சுத் தோலையும் ஒரு கை போட்டேன். அப்புறம் வாசலில் உட்கார்ந்து மழையைப் பார்த்தேன்.

அப்பாதான் முதலில் வந்தார். கூடையைத் தூக்கினார். இறக்கை இரண்டும் கீழே தொங்கிப்போயிருந்தன. மூக்கு ஒருபக்கம் இழுத்துக்கொண்டு கிடந்தது. வெற்றிலை வாடின மாதிரி ஆகிவிட்டது என் அண்ணனின் விமானம். பெயின்ட் மட்டும் காய்ந்திருந்தது.

அப்பா என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வதற்குள் கதவு திறந்தது. மழையில் நனைந்து, கொட்டாங்கச்சியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு அண்ணன் நின்றான். அவன் பார்த்த நேரத்தில் கூடை அப்பா கையில் இருந்தது.

"நான்தாம்ப்பா வச்சேன். காயட்டும்னு" என்றார் அப்பா.

அண்ணன் கத்தவில்லை. "ஒங்களுக்குப் புடிக்கலேன்னா புடிக்கலேன்னு சொல்லிருக்கலாம்லப்பா" என்றான். கொட்டாங்கச்சியை ஜன்னல் பலகையில் பதமாக வைத்தான், ஒரு சொட்டு சிந்தாமல். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான்.

வாயைத் திறந்து மூன்று வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அப்பா வைக்கலண்ணே, நான். சாப்பிடும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். அவன் சாப்பிட வரவில்லை. காலையில் சொல்லலாம் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே, கோயில் மணி அடிக்கும் முன்னால், உருளைக்கிழங்கு லாரி ஒன்றில் ஏறி வத்தலக்குண்டுக்குப் போய்விட்டான். அங்கிருந்து எங்கே என்று எட்டு மாதம் எங்களுக்குத் தெரியாது. தூத்துக்குடியில் ஒரு பட்டறையில் இருக்கிறான் என்று அப்புறம் ஒரு கார்டு வந்தது. அம்மா பேருக்கு.

அப்பா அந்த விமானத்தைத் தூக்கிப் போடவில்லை. வேலை இல்லாத சாயங்காலங்களில் வெந்நீர் ஆவியில் காட்டிக் காட்டி, இறக்கையை நிமிர்த்திப் பார்ப்பார். ஒருபக்கம் நிமிரும், மறுபக்கம் வளையும். அவர் தோற்ற ஒரே சாமான் அது. நான் கதவு பக்கம் நின்று பார்ப்பேன். "நான்தானே வச்சேன், நீங்க ஏன்ப்பா அப்பிடிச் சொன்னீங்க?" என்று கேட்க வேண்டும் போலிருக்கும். கேட்டால் அதைப் பற்றிப் பேச வேண்டிவரும். ஒருநாள் இறக்கை முறிந்து கையோடு வந்துவிட்டது. காகிதத்தில் சுற்றி எங்கேயோ வைத்தார். எங்கே என்று தெரியாது. மூன்றாவது வருஷ மழையில் நெஞ்சில் சளி கட்டி அப்பா இறந்துபோனார். ஏழு வீட்டை உலர்த்தியவர். அண்ணன் வந்து சேர்ந்தபோது மண் போட்டாகிவிட்டது. சாவிக்கொத்தை மிஷனில் வாங்கிக்கொண்டார்கள், வீட்டையும் காலி செய்யச் சொன்னார்கள். காலி செய்தபோது அந்தக் காகிதப் பொட்டலத்தைத் தேடினேன். கிடைக்கவில்லை.

அண்ணன் கெட்டுப்போகவில்லை. பட்டறை வைத்தான், வீடு கட்டினான், பேரன் பேத்தி எடுத்தான். நல்லது கெட்டதுக்கெல்லாம் வந்தான், என் கல்யாணத்தை முன்னால் நின்று நடத்தினான். அப்பா படத்துக்கு முன்னால் மட்டும் நிற்க மாட்டான். அறுபது வருஷம் நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சொல்ல ஒரு நாளா கிடைக்காமல் போனது? கிடைத்தது. எனக்குத் துப்பில்லை.

கோயமுத்தூரிலிருந்து வந்த அன்றைக்கு, பதினொன்றில் வாங்கிவந்த மூன்று குப்பிகளை மேஜையில் வைத்துக்கொண்டு, அவனுக்குப் போன் போட்டேன். எழுபத்தேழு வயசு. காது கொஞ்சம் மந்தம், மற்றபடி தெளிவு.

"அண்ணே, அதே மாதிரி ஏரோப்ளேன் ஒண்ணு வாங்கி ஒட்டிட்டேன், இனி பெயின்ட் அடிக்கணும். அதுக்கு முன்னால ஒரு விஷயம். அந்த ஏரோப்ளேன அப்பா வைக்கல. நான்தான் வச்சேன். புதுத் தணல் போட்டதும் நான்தான்."

காதில் விழுந்ததோ இல்லையோ என்று இன்னொருதரம் சொல்ல வாயெடுத்தேன்.

"தெரியும் பாப்பா" என்றான்.

"என்ன தெரியும்?"

"கதவத் தொறந்தப்பவே ஆரஞ்சுத் தோல் வாடை அடிச்சுச்சு. அப்பா என்னிக்குத் தணல்ல ஆரஞ்சுத் தோல் போட்டாரு?"

"பெறகு ஏண்ணே அவர அப்பிடிக் கேட்ட?"

"ஒன்னையக் கோவிச்சுக்கிட்டு வீட்ட விட்டுப் போக முடியுமா? ஒம்போது வயசுப் புள்ள. அவரக் கோவிச்சாத்தான் போக முடியும். அந்தச் சாவிக்கொத்து என் கழுத்துல விழுந்துருமோன்னு பயம். அவரே வந்து பழிய ஏத்துக்கிட்டாரு. நான் அப்பிடியே புடிச்சுக்கிட்டேன். ஊருக்கு வரும்போது சொல்லிக்கலாம்னுதான் இருந்தேன். வந்தப்ப ஆளு இல்ல."

நீங்களே யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு அந்த அறையில் மூன்று பேர் இருந்தோம். மூன்று பேருக்கும் உண்மை தெரியும். அப்பாதான் கெடுத்தார் என்று நம்பிப் பையன் வெறுத்துப் போனான் என்று நினைத்துக்கொண்டே அந்த மனுஷன் ஆவியில் இறக்கையை நிமிர்த்திக்கொண்டிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் இப்போது பேசித் தீர்த்துக்கொண்டோம். அவரிடம் போய்ச் சொல்ல எந்த போனும் இல்லை.

அண்ணன்தான் பேச்சை மாற்றினான். "இப்ப என்ன நெறம் அடிக்கிற?"

"அந்த நெறந்தான் வேணும். எப்பிடிக் கலந்தோம்னு ஞாபகம் இருக்காண்ணே?"

"நீலம் கொறச்சோம்." யோசித்தான். "எத்தன சொட்டுன்னு நெனப்பில்ல பாப்பா."

மறுநாள் காலையில் மூன்று குப்பியில் ஒன்றைத் திறந்தேன். எதற்கு அதை எடுத்தேன் என்று கேட்டால் காரணம் சொல்லத் தெரியாது. கை நடுங்கியதில் விமானத்தின் ஜன்னல் கண்ணாடியிலும் கொஞ்சம் ஏறிவிட்டது. அடித்து முடித்து, ஜன்னல் ஓரத்தில் வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பத்தாவது நிமிஷம் இறக்கையில் ஆள்காட்டி விரலை வைத்து அழுத்திப் பார்த்தேன். விரலிலும் ஒன்றும் ஒட்டவில்லை, இறக்கையிலும் ஒன்றும் பதியவில்லை.